ஓடினால் தர்மம் சேருமா?

மாசி மகம் வந்து விட்டால் ஸ்ரீமுஷ்ணத்தில் கூட்டம் நெரியும். கடலூர் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிறிய ஊரின் பூவராகப் பெருமாள், கோவிலை விட்டுப் புறப்பட்டு, கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். வழி நெடுகிலும் ஊர் ஊராக மக்கள் காத்திருப்பார்கள். கிள்ளைக்குப் பக்கத்தில் முஸ்லிம் பெருமக்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வார்கள். பல தலைமுறையாக நடந்து வரும் வழக்கம் இது.

பெருமாளோடு கூடவே நடந்து போகிறவர்கள் உண்டு. ஏன் இந்த வெயிலில் நடக்கிறீர்கள் என்று கேட்டால், "வேண்டுதல்" என்பார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும். அதற்காக நடை.

தன் காலை வருத்திக் கொண்டால் இன்னொருவருடைய துன்பம் தீரும். இது நம் ஊரில் பழைய நம்பிக்கை.

இதே காரியம் இப்போது உலகம் முழுவதும் வேறு விதமாக நடக்கிறது. ஒருவர் ஓடுகிறார். அவர் ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள் பணம் போடுகிறார்கள். அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அனாதைப் பிள்ளைகளுக்குப் போகிறது. கண் தெரியாதவர்களுக்குப் போகிறது. ஆயிரம், இரண்டாயிரம் அல்ல. கோடி கோடியாகச் சேருகிறது!

ஓடுவதற்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம்? பணம் கொடுக்க மனம் இருந்தால் பேசாமல் கொடுத்து விட்டுப் போகலாமே! எதற்காக ஒருவர் வேர்த்து விறுவிறுத்து ஓட வேண்டும்?

நியாயமான கேள்விதான்.

எவ்வளவு தூரம்?

இந்த ஓட்டங்களில் பெரியது மாரத்தான். தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். பழைய கணக்கில் 26 மைலுக்குக் கொஞ்சம் அதிகம். 1908-ம் ஆண்டு லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிய தூரம் இது. பிறகு இதுவே உலகத்துக்கெல்லாம் அளவாகி விட்டது.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லி விடலாம். இங்கிருந்து விருத்தாசலம் சுமார் 20 கிலோ மீட்டர். பீங்கான் பொம்மைக்கும் பீங்கான் சாமான்களுக்கும் பேர் போன ஊர். வீட்டில் இருந்து புறப்பட்டு, விருத்தாசலம் வரை ஓடி, உட்காராமல் அப்படியே திரும்பி ஊர் வந்து சேர்ந்து, அதற்கு மேலும் கொஞ்ச தூரம் ஓடினால் அதுதான் ஒரு மாரத்தான்.

பஸ்சில் போய் வந்தாலே அலுப்புத் தட்டும் தூரம்!

இவ்வளவு தூரத்தை ஒருவர் ஓடப் போகிறார் என்றால், அவருடைய சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் விசாரிக்கிறார்கள். அப்போது அவர் சொல்கிறார்: "நான் புற்றுநோய்க் குழந்தைகளுக்காக ஓடுகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்." வெறுங்கையோடு வந்து கேட்டால் யோசிக்கிறவர்கள், இப்போது யோசிப்பதில்லை. கேட்கிறவர் தன் பங்குக்கு ஏதோ கஷ்டப்படுகிறார் அல்லவா? அதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

வினோபா பாவே 1951-ம் ஆண்டு போச்சம்பள்ளியில் முதல் நிலத்தைத் தானமாகப் பெற்ற பிறகு, ஊர் ஊராக நடந்து நடந்தே பூமிதானம் கேட்டார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். காரில் வந்து கேட்டிருந்தால் அத்தனை பேர் நிலம் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஒற்றைக் காலில் ஓடிய வாலிபர்

ஓட்டத்தையும் தர்மத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், கனடா நாட்டு வாலிபர் டெரி பாக்ஸ்.

1958-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி பிறந்தவர். விளையாட்டில் ஆசை உள்ள பையன். 18 வயதில் வலது முழங்காலில் வலி வந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள். எலும்பில் புற்றுநோய்! 1977-ம் ஆண்டு, முழங்காலுக்கு மேலே காலை எடுத்து விட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு, அவருடைய பயிற்சி ஆசிரியர் ஒரு பத்திரிகையைக் கொண்டு வந்து கொடுத்தார். ஒரு காலை இழந்த ஒருவர் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த கதை அதில் இருந்தது. அது டெரியின் மனதில் தைத்தது.

அதை விட ஆழமாகத் தைத்தது ஆஸ்பத்திரியில் பார்த்த காட்சி. அங்கே சின்னஞ்சிறு குழந்தைகள் புற்றுநோயால் துடித்துக் கொண்டு இருந்தன. மருந்து கண்டு பிடிக்கப் பணம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

டெரி ஒரு முடிவுக்கு வந்தார். கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்து மேற்குக் கோடி வரை ஓடுவது. வழி எல்லாம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது!

செயற்கைக் காலைக் கட்டிக் கொண்டு ஓடுவது என்றால் சும்மாவா? காலின் மிச்சப் பகுதி உரசி உரசிப் புண்ணாகும். ரத்தம் கசியும். ஓராண்டுக்கும் மேலாக அவர் பயிற்சி எடுத்தார்.

1980-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, அட்லாண்டிக் கடலில் தன் செயற்கைக் காலை நனைத்து விட்டு, டெரி ஓடத் தொடங்கினார். பின்னால் ஒரு வேன். அதை ஓட்டியவர் அவருடைய நண்பர். அவ்வளவுதான் பட்டாளம்!

தினமும் சுமார் 42 கிலோ மீட்டர். அதாவது தினம் ஒரு மாரத்தான்! இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள், ஒரு மாரத்தான் ஓடி விட்டு ஒரு வாரம் நொண்டுவது வழக்கம்.

முதலில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. சாலையில் போன லாரிகள் ஒதுங்கிப் போயின. பிறகு போர்ட் ஓ பாஸ்க் என்ற துறைமுக ஊர் வந்தது. அந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 10 ஆயிரம். அவர்கள் திரட்டிக் கொடுத்த பணம் 10 ஆயிரம் டாலருக்கு மேல்! ஆளுக்கு ஒரு டாலர் வீதம் விழுந்து விட்டது.

பணக்கார ஊர் அல்ல அது. மீன்பிடி ஊர். ஆனால் டெரிக்கு அங்கே ஒரு கணக்குக் கிடைத்தது. கனடாவின் ஜனத்தொகை அப்போது 2 கோடியே 40 லட்சம். ஆளுக்கு ஒரு டாலர் என்றால் 2 கோடியே 40 லட்சம் டாலர்! அதையே அவர் தன் லட்சியமாக வைத்துக் கொண்டார்.

143 நாட்கள் ஓடினார். 5 ஆயிரத்து 373 கிலோ மீட்டர் ஓடினார். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்குச் சாலை வழியே போகும் தூரத்தை விடவும் இது அதிகம். செப்டம்பர் 1-ந் தேதி, தண்டர் பே என்ற நகரத்துக்குப் பக்கத்தில், இருமல் வந்தது, நெஞ்சு வலித்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி விட்டது.

ஓட்டம் நின்றது. பணம் நிற்கவில்லை. 1981-ம் ஆண்டு பிப்ரவரியில் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி விட்டது. டெரி அதைக் கண்ணால் பார்த்தார். அந்த ஆண்டு ஜூன் 28-ந் தேதி இறந்து போனார். 23 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இறந்த பிறகும் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஓட்டம் நடக்கிறது. 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்து கொண்டார்கள். இதுவரை உலகம் முழுவதிலும் அவர் பெயரால் சேர்ந்த பணம் 85 கோடி டாலருக்கு மேல். நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் டெரி பாக்ஸ் ஓட்டம் நடந்து வந்திருக்கிறது.

இந்த ஓட்டத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. வியாபாரக் கம்பெனிகளின் விளம்பரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதிலும் டெரி பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தின் அருமை, பிறகு மற்ற ஓட்டங்கள் போன போக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

லண்டனில் ஒரு நாள்

1981-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி, லண்டனில் முதல் மாரத்தான் நடந்தது. மழை பெய்தது. 6 ஆயிரத்து 255 பேர் ஓடி முடித்தார்கள். முன்னால் வந்த இருவர், ஒருவர் அமெரிக்கர், மற்றவர் நார்வேக்காரர். இருவரும் போட்டி போட்டுக் கொள்ளாமல், கையோடு கை கோத்துக் கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள்!

இன்று அந்த ஓட்டம், ஒரே நாளில் தர்மத்துக்குப் பணம் சேர்ப்பதில் உலகப் புகழ் பெற்றது. 2025-ம் ஆண்டு சேர்ந்த தொகை 8 கோடியே 73 லட்சம் பவுண்டு. நம் பணத்தில் சுமார் ஆயிரம் கோடி ரூபாய்.

எப்படிச் சேருகிறது?

லண்டன் மாரத்தானில் ஓடப் பல லட்சம் பேர் மனுப் போடுகிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் எடுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது. ஆனால் தர்ம ஸ்தாபனங்களுக்கு என்று தனியாகச் சில இடங்கள் உண்டு. ஸ்தாபனங்கள் அந்த இடங்களை முன்னதாகவே விலை கொடுத்து வாங்கி வைத்துக் கொள்கின்றன. ஓட ஆசைப்படுகிறவர் ஸ்தாபனத்திடம் போகிறார். "இடம் தருகிறோம். எங்களுக்காக 2 ஆயிரம் பவுண்டு திரட்டித் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள். சரி என்றால் இடம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பணம் உள்ள ஸ்தாபனம் நிறைய இடம் வாங்கும். நிறையப் பணம் திரட்டும். சின்ன ஸ்தாபனத்துக்கு இடம் வாங்கவே முதல் இல்லை. விதை நெல் உள்ளவனுக்குத்தான் அறுவடை!

லண்டன் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு இந்தியரைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பெயர் பவுஜா சிங். பஞ்சாபில் ஜலந்தருக்குப் பக்கத்தில் பியாஸ் பிண்டு கிராமத்தில், 1911-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பிறந்தவர் என்று அவருடைய பாஸ்போர்ட் சொல்கிறது. விவசாயி. மனைவி இறந்தார். பிறகு மகன் ஒருவரும் இறந்தார். துக்கத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். துக்கம் மறக்க ஓடத் தொடங்கினார். அப்போது வயது 80-க்கு மேல்!

2000-ம் ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடினார். அப்போது வயது 89. யாருக்காக ஓடினார் தெரியுமா? மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளைக் காப்பாற்றும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்காக. கூட்டத்தில் மிக மூத்தவர், உலகத்தில் மிகச் சின்ன உயிர்களுக்காக ஓடினார்!

2011-ம் ஆண்டு கனடாவில் டொராண்டோ மாரத்தானை 100 வயதில் ஓடி முடித்தார். கின்னஸ் புத்தகக்காரர்கள் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. பிறப்புச் சர்டிபிகேட் கேட்டார்கள். 1911-ல் பஞ்சாப் கிராமத்தில் யார் சர்டிபிகேட் கொடுத்தார்கள்? நம் ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கும் இதே கஷ்டம்தான். "பெரிய புயல் அடித்த வருஷம் பிறந்தேன்" என்றால் எந்த ஆபீசில் ஏற்றுக் கொள்கிறார்கள்?

பவுஜா சிங் 2025-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, சொந்தக் கிராமத்துச் சாலையில் கார் மோதி இறந்தார். வயது 114.

பம்பாயும் சென்னையும்

இந்தியாவில் இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டு வந்தது மும்பை மாரத்தான். 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. 42 கிலோ மீட்டர் ஓட முடியாதவர்களுக்கு, சுமார் 6 கிலோ மீட்டர் ஓட்டமும் வைத்தார்கள். அதில் ஆடிப் பாடிக் கொண்டு போகிறார்கள். வேடம் போட்டுக் கொண்டு வருகிறார்கள். பெண் குழந்தைப் படிப்பு, கண் தானம், முதியோர் நலம் என்று அட்டைகளில் எழுதிப் பிடித்துக் கொண்டு போகிறார்கள். தொடங்கிய நாளில் இருந்து தர்ம ஸ்தாபனங்களுக்கு அங்கே சேர்ந்த பணம் 400 கோடி ரூபாய்க்கு மேல்.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. கோவையில் 2013-ம் ஆண்டு முதல் மாரத்தான் நடக்கிறது. கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடப்பது அது. சென்னையில் ஓட்டக்காரர் சங்கம் 2012-ம் ஆண்டு தொடங்கிய மாரத்தான், டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைகளைப் பற்றி ஊருக்கு எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. இந்தக் குழந்தைகள் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக் கொண்டால்தான் உயிர் வாழ முடியும். சர்க்கரை வியாதி பெரியவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக் கொண்டு இருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர்!

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தான் இன்னொரு வழியைக் காட்டியது. அதற்குப் பெயர் பதிவு செய்து கொண்டவர்கள் 73 ஆயிரம் பேருக்கு மேல். அவர்கள் கட்டிய பதிவுப் பணம் 3 கோடி ரூபாயைத் தாண்டியது. எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளோடு வருகிறவர்கள் தங்குவதற்குக் கட்டிடம் கட்ட அந்தப் பணம் கொடுக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. வெளியூரில் இருந்து பிள்ளையைத் தூக்கிக் கொண்டு எழும்பூருக்கு வந்த தாய்மாருக்குத் தெரியும், அந்தக் கட்டிடத்தின் அருமை. பிள்ளைக்கு உள்ளே கட்டில் உண்டு. அப்பாவுக்கு வெளியே நடைபாதைதான். கடலூர், விருத்தாசலம் பக்கத்தில் இருந்து போகிறவர்களும் இதில் சேர்த்திதான்.

பதிவுப் பணம் எங்கே போகிறது?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அதாவது, யாரும் ஏமாற்றுவதில்லை. தாங்களாகவே தவறாக நினைத்துக் கொள்கிறார்கள்.

ஒருவர் ஆயிரம் ரூபாய் கட்டி ஓட்டத்தில் சேருகிறார் என்று வைத்துக் கொள்வோம். "ஆயிரம் ரூபாய் தர்மம் செய்தேன்" என்று வீட்டில் வந்து சொல்கிறார். பெரும்பாலும் அது சரி அல்ல. பெரிய ஓட்டங்களில் பதிவுப் பணம் வேறு. தர்மப் பணம் வேறு. சென்னையில் செய்தது போலப் பதிவுப் பணத்தையே தர்மத்துக்குக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடப்பது அல்ல.

பின் பதிவுப் பணம் என்ன ஆகிறது? சாலையில் தடுப்புக் கட்ட வேண்டும். இரண்டு கிலோ மீட்டருக்கு ஒரு முறை தண்ணீர் வைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். டாக்டர் வேண்டும். பனியன், மெடல், வாழைப்பழம், உப்புக் கரைசல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்கே சரியாகப் போய் விடும். மெத்தக் குறைந்தால் விளம்பரக் கம்பெனி கொடுக்கிறது. நடத்துகிறவர்கள் லாபம் வைத்துக் கொள்வதும் உண்டு. அது குற்றம் அல்ல. ஆனால் அது தர்மமும் அல்ல.

தர்மம் என்பது ஓடுகிறவர் தனியாகத் திரட்டுவது. அது நேராக ஸ்தாபனத்தின் கணக்கில் போய்ச் சேர வேண்டும். ஓடுகிறவரின் சொந்தக் கணக்கில் போய் விட்டு, அங்கிருந்து மாறிப் போவது சரியான வழி அல்ல. ரசீது ஸ்தாபனத்தின் பெயரில் வர வேண்டும். 80-ஜி என்று பழகிப் போன வருமான வரிச் சலுகை உள்ள ஸ்தாபனமா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. பாங்கு மூலம் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் கொடுக்கிற வீட்டுப் பெண்மணிக்கு வருமான வரி கவலை இல்லை. ஆனால் ரசீது கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

இவ்வளவு ஏன் சொல்ல வேண்டி இருக்கிறது?

இங்கிலாந்தில் நடந்த ஒரு காரியத்தைப் பார்க்க வேண்டும். கேப்டன் டாம் மூர் என்று ஒரு கிழவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்தவர். இந்தியாவிலும் பர்மாவிலும் பணி புரிந்தவர். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது அவருக்கு வயது 99. நடப்பதற்கே கைப்பிடி வண்டியைப் பிடித்துக் கொள்ள வேண்டும். நூறாவது பிறந்த நாளுக்குள் தன் தோட்டத்தில் 100 சுற்று நடப்பது என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக ஆயிரம் பவுண்டு திரட்ட வேண்டும் என்பது ஆசை.

வந்து குவிந்தது 3 கோடியே 28 லட்சம் பவுண்டு! அந்தப் பணம் முழுவதும் ஆஸ்பத்திரித் தர்ம நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் குறை இல்லை. டாம் மூர் 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் இறந்தார்.

குறை வந்தது வேறு இடத்தில். அவர் பெயரால் குடும்பத்தார் தனியாக ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். அதை அந்த நாட்டுத் தர்ம கமிஷன் விசாரித்தது. மகளும் மருமகனும் சொந்த லாபத்தையும் அறக்கட்டளையையும் கலந்து விட்டார்கள், பலமுறை தவறாக நடந்து கொண்டார்கள் என்று 2024-ம் ஆண்டு நவம்பரில் அறிக்கை வெளியிட்டது.

கிழவர் நடந்தது உண்மை. பணம் கொடுத்தவர்களின் மனம் உண்மை. ஆனால் ஒரு நல்ல பெயர் கிடைத்து விட்டால், அதற்குப் பின்னால் இன்னொரு பெட்டியைத் திறந்து வைப்பது எவ்வளவு சுலபம் என்பதை அந்த அறிக்கை காட்டியது. முதல் பெட்டி எது, இரண்டாவது பெட்டி எது என்று கொடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை?

இன்னொரு குறையும் உண்டு. ஓடுகிறவர் யாரிடம் பணம் கேட்கிறார்? தனக்குத் தெரிந்தவர்களிடம். கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவருக்குத் தெரிந்தவர்களும் பெரிய வேலைக்காரர்கள். ஒரு மாலையில் லட்சம் ரூபாய் சேர்த்து விடுவார். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் ஓடினால், அவருக்குத் தெரிந்தவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள்? அவர் கால் இளைத்ததா? இல்லை. அவருடைய விலாசப் புத்தகம் இளைத்தது.

அதனால் பணம் எங்கே சேருகிறது? பெரிய நகரத்தில் உள்ள, பெரிய பெயர் உள்ள ஸ்தாபனங்களுக்குச் சேருகிறது. காது கேளாத பத்துப் பிள்ளைகளை வைத்துக் கொண்டு ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடம் நடத்துகிற அம்மாளுக்கு, மும்பையில் ஓடுகிற நண்பர் கிடையாது. குழந்தைகளுக்கு வரும் நோய்க்கு உடனே பணம் விழுகிறது. மனநோய்க்கும் குஷ்டரோகத்துக்கும் அவ்வளவு சுலபமாக விழுவதில்லை. இரக்கத்திலும் வீட்டுக்கு வீடு வாசற்படி இருக்கிறது.

ஆனாலும் போர்ட் ஓ பாஸ்க் ஊரை மறந்து விடக் கூடாது. 10 ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் பெரிய விலாசப் புத்தகம் இல்லை.

விருத்தாசலத்தில் நடந்தால்?

ஸ்ரீமுஷ்ணத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே ஒரு ஓட்டம் வைத்தால் எப்படி இருக்கும்? 20 கிலோ மீட்டர். அரை மாரத்தானுக்கு ஒரு கிலோ மீட்டர்தான் குறைவு. பனி இறங்கும் தை மாதக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்து விடலாம். மெடல் வெளியூரில் வாங்க வேண்டியது இல்லை. அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற விருத்தாசலத்துச் சூளையிலேயே பீங்கானில் சுட்டுக் கொள்ளலாம். கீழே போட்டால் உடையும். அதனால் பத்திரமாகவும் வைத்துக் கொள்வார்கள்!

எதற்காகத் திரட்டுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். "ஏழைகளுக்காக" என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். "இந்த ஆஸ்பத்திரியில், இந்த வார்டுக்கு, இந்தச் சாமான், விலை இவ்வளவு" என்றால் கொடுப்பார்கள். ஓட்டம் முடிந்த பிறகு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கணக்கை ஊர்ப் பொது இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். முதல் வருஷம் ஒட்டினால், இரண்டாம் வருஷம் கேட்காமலே பணம் வரும்.

உடம்பு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. நேற்று வரை நாற்காலியில் உட்கார்ந்து இருந்தவர், இன்று எழுந்து 20 கிலோ மீட்டர் ஓடக் கூடாது. ஓட்டத்தின்போது இருதயம் நின்று இறந்தவர்கள் உண்டு. மூன்று, நான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் காட்டிக் கொள்ள வேண்டும். முடியாதவர்கள் நடக்கலாம். நடந்தாலும் பணம் சேரும். அதற்கு இலங்கையே சாட்சி.

தெற்கில் இருந்து வடக்கே

இலங்கையில் யுத்தம் 2009-ம் ஆண்டு முடிந்தது. யாழ்ப்பாணத்தில் எதுவும் மிச்சம் இல்லை என்று சொல்லும் நிலை. புற்றுநோய் வந்தால், பெரிய சிகிச்சைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமைக்குப் போக வேண்டும். சுமார் 400 கிலோ மீட்டர். பாஷை வேறு. தங்க இடம் இல்லை. பலர் போகாமலே இருந்து விட்டார்கள்.

இரண்டு நண்பர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஒருவர் தமிழர், நாதன் சிவகணநாதன். மற்றவர் சிங்களவர், சரிந்த உனம்புவே. இலங்கையின் தெற்கு முனையில் இருந்து வடக்கு முனை வரை நடப்பது; யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டுவது!

2011-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி தெற்கே தெவிநுவர முனையில் இருந்து புறப்பட்டார்கள். 27 நாட்கள் நடந்தார்கள். 670 கிலோ மீட்டர். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடச் சேர்ந்து நடந்தார்கள். ஒரு நாள் நடந்தவர் உண்டு. ஒரு மணி நேரம் நடந்தவர் உண்டு. சிங்கள கிராமங்கள் வழியாக, தமிழ்ப் பிள்ளைகளின் ஆஸ்பத்திரிக்காக நடந்த நடை அது. இரண்டு ஆண்டுக்கு முன்பு வரை யுத்தம் நடந்த சாலையில் போய், பருத்தித்துறையில் முடித்தார்கள்.

சேர்ந்த பணம் 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரி எழுந்தது. 2013-ம் ஆண்டு திறந்தார்கள்.

பிறகு 2016-ம் ஆண்டு இன்னொரு நடை. இந்த முறை தென்பகுதியில் காலி நகரத்துக்குப் பக்கத்தில், கராப்பிட்டியவில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக. கிரிக்கெட் வீரர் மகேல ஜெயவர்த்தனேயும் இதில் சேர்ந்து உழைத்தார். அவருடைய தம்பி 16 வயதில் மூளையில் கட்டி வந்து இறந்தவர்.

அக்டோபர் 6-ந் தேதி நடக்கத் தொடங்கினார்கள். இந்தத் தடவை புறப்பட்ட இடம் பருத்தித்துறை. அங்கிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள்.